குடல் கேன்சர் ஊசி பற்றி நம் குடும்ப குரூப்பில் வந்த செய்திக்கு என் பதில்



பதிவு கொஞ்சம் நீளம். ரிட்டயர் ஆன டீச்சருக்கு வேறு என்ன வேலை என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள நாலைந்து பத்திகளையாவது படித்துவிடுங்கள். அது உங்கள் வீட்டுக்கும் தேவைப்படலாம்.

போன வாரம் நம் குடும்ப குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "கீமோ ஊசி முழுக்க கெமிக்கல் விஷம், மருந்துக் கம்பெனிக்காரன் காசு பார்க்கக் கண்டுபிடித்தது, குடல் கேன்சருக்கு இந்த இலையை அரைத்து ஒரு மண்டலம் குடித்தால் போதும்" என்று. எந்த இலை என்று நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே "டீச்சரே சொல்லிவிட்டார்" என்று சுற்றுக்கு விட்டுவிடுவீர்கள். அந்தச் செய்திக்குக் கீழே பதினேழு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். அதில் நாலு பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள்.

சும்மா கடந்து போயிருப்பேன். ஆனால் அந்தச் செய்தி யாரைக் குறி வைத்துப் போடப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, பெருங்குடலில் கேன்சர் வந்து கல்லீரல் வரை பரவிய நிலையில் மதுரையில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு ஊசி முடிந்திருக்கிறது. இரண்டாவது ஊசிக்கு அப்புறம் வயிற்றுப்போக்கில் துவண்டுவிட்டார். பார்க்கப் போனவர்கள் எல்லோரும் "இந்தக் கொடுமை எதுக்குண்ணே, விட்டுரலாம்ல" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதும்மா, எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்ல எனக்குத் தெம்பில்ல" என்றார்.

அவருக்குப் போடும் ஊசிகளில் முக்கியமானதன் பெயர் இரினோடெகான். அதன் கதை தெரிந்தால் "கெமிக்கல்", "இயற்கை" என்று இரண்டு கட்சி பிரித்துச் சண்டை போடுவதை விட்டுவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த ஊசி ஒரு மரத்திலிருந்து வந்தது.

சீனாவில் ஒரு மரம் இருக்கிறது. அவர்கள் மொழியில் அதன் பெயருக்கு மகிழ்ச்சி மரம் என்று அர்த்தம் சொல்கிறார்கள். 1966-ல் அமெரிக்காவில் மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற இருவரும் தம் குழுவோடு சேர்ந்து அதிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வாணி நம் நாட்டுக்காரர், மகாராஷ்டிரத்தில் நந்தூர்பாரில் பிறந்தவர். பின்னாளில் மார்பகப் புற்றுநோய்க்குப் பெரிய மருந்தாக வந்த டாக்சாலும் இதே இருவரின் கைவேலைதான்.

அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் இன்னொரு மரத்திலும் இருக்கிறது என்று 1972-ல் கண்டு சொன்னவர்கள் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அங்கேயே பேராசிரியராகி, முதல்வராகவும் இருந்தவர். பிறகு பம்பாய் கோரேகாவில் இருந்த சீபா ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராகப் போனார். பட்னாகர் விருது வாங்கியவர். இவர் பெயரை நம் பிள்ளைகளில் யாருக்காவது தெரியுமா? கிரிக்கெட் ஆட்டக்காரன் வளர்க்கும் நாயின் பெயர்கூடத் தெரிகிறது. பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் மேல் எனக்குள்ள பல கோபங்களில் இது ஒன்று, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

அந்த மரத்தை மராட்டியில் அமிர்தா என்றும் நரக்யா என்றும் சொல்கிறார்கள். ஒரே மரத்துக்கு அமிர்தம் என்றும் நரகம் என்றும் பெயர் ஒலிப்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பூ நாற்றம் அடிக்கும். கன்னடத்தில் பெயரே துர்வாசனை மரம். மல்லிகையும் கனகாம்பரமும் எடை போடும் நம்மூர்க்காரன் அதைக் கிட்டே சேர்க்க மாட்டான். நீலகிரியிலும் இந்த மரம் உண்டு. நம் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் நீலமாகத் தெரிகிறதே கொடைக்கானல் மலை, அதுவும் இதே மேற்குத் தொடர்ச்சியின் கிளைதான். வெளிநாட்டில் கிராக்கி வந்ததும் மகாராஷ்டிரத்துப் பக்கம் காட்டில் மரத்தை மரமாக வெட்டி அனுப்பியதில் இப்போது அழியும் நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது தனிச் சோகம்.

இப்போது "பார்த்தீர்களா, மரம்தானே, நாமும் அதைத்தானே சொல்கிறோம்" என்று சிலர் குதிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அடுத்து நடந்ததுதான் முக்கியம்.

மரத்திலிருந்து எடுத்த பொருளை ஏறக்குறைய அப்படியே, தண்ணீரில் கரைவதற்காக உப்பு வடிவில் மட்டும் மாற்றி, 1970 வாக்கில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிந்தது. கடும் வயிற்றுப்போக்கு. ரத்த அணுக்கள் விழுந்தன. கட்டியும் சொல்லும்படி கரையவில்லை. உப்பாக மாற்றியபோதே அதன் உள்ளே இருந்த ஒரு வளையம் திறந்துகொண்டு வீரியம் போய்விட்டது என்பது பின்னால்தான் புரிந்தது. 1972-ல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். இயற்கையாகக் கிடைத்த பொருள், கடுமையும் இயற்கையாகவே இருந்தது. எட்டிக்காயும் இயற்கைதான், அரளி விதையும் இயற்கைதான். நம் கிராமத்துப் பக்கம் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த மருந்தை எல்லோரும் கைவிட்ட மாதிரிதான் இருந்தது. அதை மறுபடி எடுத்துச் செப்பனிட்டது ஜப்பானில் யாகுல்ட் கம்பெனி. ஆமாம், சின்னச் சின்ன பாட்டிலில் புளித்த பால் விற்கிறார்களே, பேரப்பிள்ளைகள் ஃப்ரிட்ஜில் தேடுகிறார்களே, அதே யாகுல்ட். 1983-ல் அவர்கள் அந்த மரப்பொருளோடு ஒரு வால் மாதிரி இன்னொரு துண்டை ஒட்டி, தண்ணீரில் கரையும்படி, வளையம் கெடாதபடி செய்தார்கள். அதுதான் இரினோடெகான். ஜப்பானில் 1994-ல் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 1996-ல் குடல் புற்றுநோய்க்கென்றே அனுமதித்தார்கள். மரத்திலிருந்து எடுத்ததற்கும் குடல் நோயாளிக்கு ஊசியாக வந்ததற்கும் நடுவில் முப்பது வருடம். மரம் பெரிதா, கெமிக்கல் பெரிதா என்று கேட்டால், நான் அந்த முப்பது வருடத்தைச் சொல்வேன். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, யாருக்குக் கூடாது, வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்களே, அந்தக் கணக்கு நம் குரூப்பில் வந்த இலைக்கு இல்லை.

உடம்புக்குள் அது என்ன செய்கிறது? ஏழாம் வகுப்புக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன். இரண்டு புரி சேர்த்துத் திரித்த கயிறு ஒன்றை எடுங்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையில் இரண்டு புரியையும் பிரித்து இழுங்கள். கொஞ்சம் பிரியும், அப்புறம் முன்னால் முறுக்கு ஏறி ஏறிச் சிக்கிக்கொள்ளும், அதற்குமேல் இழுக்க முடியாது. நம் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. அப்படிப்பட்ட இரட்டைப் புரிக் கயிறு. செல் இரண்டாகப் பெருக வேண்டுமானால் அந்தக் கயிற்றைப் பிரித்து நகல் எடுக்க வேண்டும். முறுக்கு ஏறாமல் இருக்க ஒரு நொதி இருக்கிறது. டோபோஐசோமரேஸ் என்று பெயர். பெயரை விடுங்கள், வேலையைப் பாருங்கள். ஒரு புரியை மட்டும் வெட்டும், முறுக்கு தானாகச் சுழன்று தளரும், உடனே வெட்டிய இடத்தை ஒட்டிவிடும். வெட்டுவதும் ஒட்டுவதும் ஒரே ஆள்.

நம் மருந்து அந்த ஆளை வெட்டிய நிலையிலேயே பிடித்து நிறுத்துகிறது. ஒட்ட விடுவதில்லை. நகல் எடுத்துக்கொண்டே வரும் இயந்திரம் அந்த வெட்டில் வந்து மோதுகிறது, ஒரு புரி வெட்டு இரண்டு புரியும் அறுந்த வெட்டாகிவிடுகிறது. செல் சாகிறது. இந்த நொதிதான் குறி என்பதை 1985-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

ஓயாமல் நகல் எடுக்கும் செல் அதிகம் மாட்டும். கேன்சர் செல் அப்படித்தான். ஆனால் குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை, முடிவேர் ஆகியவையும் ஓயாமல் பெருகுகிறவைதான். வயிற்றுப்போக்கும், வெள்ளை அணு குறைவதும், முடி கொட்டுவதும் அதனால்தான். மருந்து "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நீங்கள் சொல்வது, மருந்து வேலை செய்யும் முறையின் மறுபக்கம்.

அண்ணனுக்கு வந்த வயிற்றுப்போக்குக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. இது எனக்கே வியப்பாக இருந்தது. ஊசியில் போகும் பொருள் கல்லீரலில்தான் முழு வீரியமுள்ள மருந்தாக மாறுகிறது. அதற்கு எஸ்.என்.-38 என்று பெயர். வேலை முடிந்த பின் கல்லீரலே அதற்கு ஒரு சர்க்கரை மூட்டையைக் கட்டி, வீரியத்தை அடக்கி, பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. குடலில் குடியிருக்கும் கிருமிகள் என்ன செய்கின்றன? சர்க்கரையைக் கண்டதும் மூட்டையைப் பிரித்துச் சர்க்கரையைத் தின்றுவிடுகின்றன. உள்ளே அடங்கியிருந்த மருந்து மறுபடி விழித்துக்கொண்டு குடல் தோலைத் தாக்குகிறது. ஊசி போட்ட அன்றைக்கே வருவது ஒரு வகை வயிற்றுப்போக்கு. வியர்வை, வாயில் எச்சில் ஊறல், வயிற்றுப் பிடிப்போடு வரும், அதற்கு அட்ரோபின் ஊசி கொடுப்பார்கள். சில நாள் கழித்து வருவது இந்தக் கிருமி வேலை. அதுதான் ஆபத்தானது.

அதற்கு லோபிரமைடு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நம் மதினி மருந்துக் கடையில் விசாரித்ததில், "இவ்வளவு மாத்திரை எதுக்கு, ரெண்டு போதும்" என்று யாரோ சொல்ல, பாதியிலேயே நிறுத்திவிட்டார். சாதாரண வயிற்றுக் கோளாறுக்கான அளவு வேறு, இந்த ஊசிக்கு அப்புறம் கொடுக்கும் அளவு வேறு. சீட்டில் எழுதியது எழுதியபடி கொடுக்க வேண்டும். அந்தக் கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அண்ணன் இரண்டு நாள் ட்ரிப்பில் கிடந்தார்.

சரி, இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கிறது? இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பரவிய நிலையில் இந்த ஊசி பெரும்பாலும் நோயை வேரோடு எடுத்துவிடாது. நாளைக் கூட்டித் தரும். 1998-ல் வெளிவந்த ஒரு ஆய்வு. பழைய மருந்து பலன் தராமல் போன நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரினோடெகான், மறு பிரிவுக்கு வலி, வாந்திக்கு மட்டும் வைத்தியம். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசிப் பிரிவில் நூற்றுக்கு 36 பேர், மறு பிரிவில் நூற்றுக்கு 14 பேர். 2000-ல் வந்த இன்னொரு ஆய்வில், பழைய மருந்தான ஃப்ளூரோயூராசிலோடு முதலிலேயே இதையும் சேர்த்துக் கொடுத்தவர்களின் நடு ஆயுள் 14.1 மாதத்திலிருந்து 17.4 மாதமானது. மூன்று மாதம்தானா என்பீர்கள். அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் என்பது என்ன என்று அவரைக் கேளுங்கள். அதோடு அது நடுக்கணக்கு. பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்திருக்கிறார்கள். அதற்குப் பின் வேறு மருந்துகளும் சேர்ந்திருக்கின்றன. சிலருக்குக் கல்லீரல் கட்டி சுருங்கி ஆபரேஷன் செய்யும் நிலைக்கு வருவதும் உண்டு.

ஊசி வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்வது தப்பே இல்லை. இதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். அண்ணனே ஒரு நாள் "போதும்மா" என்று சொன்னால் முதலில் தலையாட்டுவது நானாகத்தான் இருப்பேன். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் வைத்தியமும் வைத்தியம்தான். ஆனால் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து, டாக்டரிடம் உட்கார்ந்து பேசிய பிறகு வர வேண்டும். அளவைக் குறைக்கலாமா, இடைவெளி விடலாமா, வேறு மருந்து உண்டா என்றெல்லாம் கேட்க வழி இருக்கிறது. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைப் போடும்போது சொல்லிவிட்டுப் போகும் முடிவாக அது இருக்கக் கூடாது. ஊசியை விட்டவர் வலிக்கான வைத்தியத்துக்குப் போகாமல் இலைக்குப் போனால், இரண்டும் இல்லாமல் போகிறார்.

"ஊசியும் போடட்டும், கூடவே இலையும் குடிக்கட்டும், என்ன நஷ்டம்?" என்று மச்சான் கேட்டார். நல்ல கேள்வி. நஷ்டம் உண்டு. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் ஒரு மூலிகை இருக்கிறது, செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்பார்கள். அதை இரினோடெகானோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அந்த எஸ்.என்.-38 அளவு 42 சதவீதம் குறைந்ததாக 2002-ல் ஒரு சின்ன ஆய்வில் கண்டார்கள். மூலிகை கல்லீரலைத் தூண்டி மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிட்டது. வாதையெல்லாம் பட்டு, பலன் பாதி. நம் இலை எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் அளந்து பார்க்காமல் கொடுப்பது இருட்டில் கிணற்றங்கரையில் நடப்பது. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, என் முழங்கால் வலிக்கு நானே தைலம் தேய்க்கிறேன். ஆனால் எது குடித்தாலும் கேன்சர் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும். ஒளித்துக் குடிப்பதுதான் நம் ஆட்களின் பெரிய வியாதி.

நித்தியகல்யாணியை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் நட்டு வைத்திருந்தோமே, அந்தச் செடிதான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு உயிர் காக்கும் வின்கிரிஸ்டின் அதிலிருந்து வருகிறது. நம் தென் மாவட்டங்களில் அதைப் பயிரிட்டு மருந்துக்கு அனுப்புகிறார்கள். அரை டன் காய்ந்த இலையைப் பிழிந்தால் ஒரு கிராம் கிடைப்பதே அபூர்வம். அதை வீட்டில் அரைத்துக் குடித்து எவ்வளவு மருந்து உள்ளே போகும், கூடவே வேறு என்னென்ன போகும் என்று யாருக்குத் தெரியும்?

செலவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்புக்குள் வரும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, கீமோவும் அதில் அடக்கம். கார்டு இல்லாதவர்கள் நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே கலெக்டர் ஆபீஸில் இருக்கும் கவுண்டரில் எடுத்து வையுங்கள்.

இனி, நான் எல்லோரையும் படிக்கச் சொன்ன பகுதி.

அண்ணனுக்கு ஒன்றரை வருடமாக மலத்தில் ரத்தம் போனது. "மூலம், சூடு" என்று அவரே முடிவு செய்து, கருணைக்கிழங்கும் மோரும் சாப்பிட்டார். நடுவில் "ஒரே ஊசியில் மூலம் குணம்" என்று போர்டு வைத்திருக்கும் ஓரிடத்துக்குப் போய் மூன்று தடவை பணம் கட்டினார். பெயர் வேண்டாம். அங்கே ஒருவரும் விரல் விட்டுக்கூடப் பரிசோதிக்கவில்லை. கேமரா வைத்துக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவர் உடம்பில் ரத்தம் குறைந்து மூச்சு வாங்கிய பிறகுதான் வெளியே வந்தது. கட்டி குடலோடு நின்றிருந்த காலத்தில் பிடித்திருந்தால் ஆபரேஷனிலேயே பெரும்பாலும் முடிந்திருக்கும். நம் ஊரில் ஆண்களுக்கு ரத்தச்சோகை வந்தால் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுக்கிறோம். நாற்பது தாண்டிய ஆணுக்குக் காரணமில்லாமல் ரத்தம் குறைந்தால் குடலைப் பார்த்தாக வேண்டும். மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் நீடித்தாலும், ரத்தம் போனாலும், எடை குறைந்தாலும் அப்படித்தான். பெண்களும் கூச்சப்படாமல் மகளிடமாவது சொல்லுங்கள்.

அண்ணனின் தம்பி, தங்கை, பிள்ளைகளுக்கு: உங்களுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். நாற்பது வயதில், அல்லது அண்ணனுக்கு நோய் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது. தம்பிக்கு அந்த வயது தாண்டி நாளாகிவிட்டது. குரூப்பில் கும்பிடு போட்ட பதினேழு பேரில் நீயும் ஒருவன், அதனால் இங்கேயே சொல்கிறேன். தீபாவளிக்கு முன்னால் போய் வா.

நம் குடும்பத்தில் யாருக்காவது கண் லேசாக மஞ்சளாகி, டெஸ்ட் எடுத்தால் பிலிருபின் மட்டும் கொஞ்சம் கூட என்று டாக்டர் சொல்லியிருந்தால் எனக்கு போன் செய்யுங்கள். சர்க்கரை மூட்டை கட்டும் அந்த நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். அவர்களுக்கு இந்த மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும், பக்கவிளைவு கூடும். பரம்பரையாக வருவது என்பதால், மூன்றாவது ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சின்னம்மா வீட்டில் யாருக்கோ அப்படி இருந்ததாக ஞாபகம், யாருக்கு என்று சொல்லுங்கள்.

அண்ணனைப் பார்க்க வருகிறவர்கள் வாருங்கள், அவருக்கும் ஆசைதான். சளி, காய்ச்சல் இருப்பவர்களும், மூக்கு ஒழுகும் பிள்ளைகளும் இந்த இரண்டு வாரம் வேண்டாம், வெள்ளை அணு குறையும் நேரம். வெளியே வாங்கிய ஜூஸ், வெட்டி வைத்த பழம் கொண்டு வராதீர்கள். யாகுல்ட் கதையைப் படித்துவிட்டு அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கிருமியுள்ள பானம் எதையும் டாக்டரைக் கேட்காமல் அவருக்குக் கொடுக்கக் கூடாது. ராத்திரியில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மதுரைக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மருமகன் வெளியூரில் இருக்கிறார். அந்த நேரத்தில் கூப்பிட்டால் வண்டி எடுக்கக்கூடியவர்கள் யார் யார் என்று கீழே எழுதுங்கள். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கம் இருப்பவர்களாக இருந்தால் நல்லது.